நீர்ச்செடிக்கு வாயு ஊட்டும் முறைகள்



டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் பலருடைய இல்லங்களில் முற்றம் என்று ஒன்று இல்லை. துளசி மாடத்துக்கும் இடமில்லை. மூன்றாம் மாடியிலோ ஏழாம் மாடியிலோ அமைந்த இரண்டு அறைகளே வீடு. ஆயினும், பசுமையைக் கண்ணால் காணவேண்டும் என்ற ஆசை ஊரை விட்டு வந்தவருக்குச் சற்று மிகுதியாகவே இருக்கிறது. அந்த ஆசையை நிறைவேற்றும் சாதனங்களுள் ஒன்று, செடிகள் நட்ட மீன் தொட்டி. 2 அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில் நீர் நிரப்பி, மணல் பரப்பி, செடி நட்டு, நான்கைந்து மீன்களை விட்டுவிட்டால், சிறு குளம் ஒன்றையே கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தாற்போல் ஆகிறது.

ஆனால் அக்குளம் பல வீடுகளில் நெடுநாள் நிலைப்பதில்லை. வாங்கி வந்த செடி முதல் வாரம் தளதளவென்று இருக்கிறது. மூன்றாம் வாரத்தில் இலை மஞ்சளிக்கிறது. ஐந்தாம் வாரத்தில் அதன்மேல் பாசி படர்கிறது. விளக்கின் ஒளியைக் கூட்டுகிறார்கள்; உரத்தைக் கூட்டுகிறார்கள்; பாசிதான் மேலும் செழிக்கிறது. பின்னர், அறிந்தவர் ஒருவர் சொல்லக் கேட்டுக் கரியமில வாயுவைத் தொட்டிக்குள் செலுத்துகிறார்கள். ஒரு நாள் விடியற்காலையில் பார்த்தால், மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டிருக்கின்றன. செடி வாடியதற்கும் மீன் தவித்ததற்கும் அடிப்படையான காரணம் ஒன்றே. நீரில் எவ்வளவு வாயு கரைந்திருக்கிறது என்பதை நாம் அறியாதிருந்ததே அது. வாயுவைக் கரைக்கும் முறைகளைப் பற்றியும், கரைந்ததை அளந்தறியும் வழிகளைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

செடியின் உலர்ந்த எடையில் 100-க்கு ஏறக்குறைய 40 பங்கு கரிப்பொருள். நிலத்துச் செடி அதைக் காற்றிலிருந்து பெறுகிறது. நீருக்குள் மூழ்கிய செடியோ நீரில் கரைந்துள்ள வாயுவையே நம்பியிருக்கிறது. 1779-ஆம் ஆண்டில் டச்சு மருத்துவரான யான் இங்கன்ஹௌஸ், நீரில் அமிழ்த்திய இலைகளைக் கூர்ந்து நோக்கினார். வெயில் படும்போது இலையில் குமிழிகள் தோன்றுவதையும், இருளில் அவை நின்றுவிடுவதையும் கண்டார். 1782-இல் ஜெனீவா நகரத்து ழான் செனபியே மற்றோர் உண்மையை நிலைநாட்டினார். நீரில் கரியமில வாயு கரைந்திருந்தாலன்றி இலை அக்குமிழிகளை விடுவதில்லை என்பதே அது. நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ் அவர்கள், குளங்களில் மண்டிக் கிடக்கும் ஹைட்ரில்லா என்னும் செடியைக் கொண்டே இந்நிகழ்ச்சியை நுட்பமாக அளந்து, 1924-இல் ஒரு நூலாக வெளியிட்டார்.

அப்படியாயின், வீட்டுத் தொட்டியில் இந்த வாயு இயல்பாக எவ்வளவு இருக்கும்? திறந்த காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரில், ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மிகுதியாக இருக்கும், அவ்வளவே. மீன் விடும் மூச்சும் மணலில் மட்கும் கழிவும் சேர்ந்தால் இரண்டு மூன்று மில்லிகிராம் ஆகலாம். ஊற்று நீர் பாயும் ஓடைகளிலும் சேறு நிறைந்த குளங்களிலும் இதனினும் மிகுதியாக இருப்பதுண்டு. செடி வளர்ப்போர் பொதுவாக நாடுவது லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை. மற்றொரு தடையும் உண்டு. கரியமில வாயு காற்றில் பரவும் வேகத்தைக் காட்டிலும் நீரில் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆதலின், அசையாத நீரில் நிற்கும் இலை தன்னை ஒட்டியுள்ள வாயுவை உண்டு தீர்த்துவிட்டுப் பட்டினி கிடக்கும். நாலு அங்குலத்துக்கு அப்பாலோ அந்த உணவு வீணே நின்றுகொண்டிருக்கும்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிய எண்ணம் எழுகிறது. வாயுவை நீரில் சேர்க்கும் கருவியை ஆங்கிலத்தில் ‘டிஃப்யூசர்’ என்கிறார்கள். பரப்புவது, விரவச் செய்வது என்று அதற்குப் பொருள் கூறலாம். ஆனால் நம் மொழியில் கலத்தல் வேறு, கரைதல் வேறு. மணலை நீரில் போட்டுக் கலக்கினால் கலங்கும். சற்று நேரத்தில் படிந்துவிடும். உப்பைப் போட்டால் கரையும். நீரோடு நீராக நிற்கும். குமிழியாகத் தெரியும் வாயு இன்னும் மணலைப் போன்றதே. அது நீரோடு கலந்திருக்கிறது, கரையவில்லை. மேலே சென்று உடைந்து காற்றோடு போய்விடும். கண்ணுக்குத் தெரியாமல் மறைந்த வாயுவே பெரும்பாலும் செடிக்குப் பயன்படும் வாயு. தொட்டியில் குமிழிகள் எவ்வளவு அழகாக எழுகின்றன என்பதை வைத்து ஒரு கருவியை மதிப்பிடுவது இதனால்தான் பொருந்தாது.

வாயுவை நீரில் கரைப்பது எப்படி என்ற கேள்வி பழையது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மதுபானம் காய்ச்சும் சாலை ஒன்றின் அருகே வாழ்ந்த ஜோசப் பிரீஸ்ட்லி, புளிக்கும் தொட்டிகளின்மேல் கரியமில வாயு கனத்துப் படிந்திருப்பதைக் கண்டார். அந்த வாயுப் படலத்தினுள்ளேயே நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொரு பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றி, நீரில் வாயுவை ஏற்றினார். சோடா நீர் செய்யும் அம்முறையை 1772-இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அவர் ஏன் ஊற்றி ஊற்றி ஆற்றினார்? நீரும் வாயுவும் ஒன்றையொன்று தொடும் பரப்பைப் பெருக்குவதற்காகவே. 1803-இல் வில்லியம் ஹென்றி, ஒரு வாயுவின் அழுத்தத்துக்கு ஏற்பவே அது நீரில் கரையும் என்ற விதியைக் கூறினார். இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம், தொடும் பரப்பு, தொட்டிருக்கும் நேரம், நீரின் அசைவு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது. எந்த முறையை எடுத்துக்கொண்டாலும் இந்த மூன்றில் அது எதைத் தருகிறது என்று பார்த்தால் போதும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 4 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு குமிழி, 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டியின் அடியிலிருந்து மேலே வர ஏறத்தாழ 2 விநாடிதான் ஆகும். அதே குமிழியை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நுண்குமிழிகளாக உடைத்தால் 64,000 குமிழிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு முன்னதைப்போல் 40 மடங்கு. ஒவ்வொன்றும் விநாடிக்கு அரை சென்டிமீட்டர் அளவே எழும்புமாதலால், மேலே வர ஒரு நிமிடத்துக்கு மேலாகும். பரப்பும் கூடிற்று, நேரமும் கூடிற்று. இதுவே இக்கலையின் முழு இரகசியம்.

இனி முறைகளைக் காண்போம். வாயு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எளிய வழி, ஒரு புட்டியில் சர்க்கரைக் கரைசலும் ஈஸ்ட்டும் இட்டுப் புளிக்க வைப்பது. 200 கிராம் சர்க்கரை முழுவதும் புளித்தால் ஏறத்தாழ 100 கிராம் வாயு கிடைக்கும். ஆனால் அதைத் திறக்கவும் மூடவும் இயலாது. வெயில் காலத்தில் விரைந்து பொங்கி விரைவிலேயே ஓய்ந்துவிடும். நுரை தொட்டிக்குள் வராதபடி இடையில் ஒரு வெற்றுப் புட்டியை வைக்கவேண்டும். வாயு வெளியேறும் குழாயை ஒருபோதும் அடைத்துவிடலாகாது, புட்டி வெடிக்கும். சிட்ரிக் அமிலத்தையும் சமையல் சோடாவையும் தனித்தனிப் புட்டிகளில் வைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கும் முறையும் உண்டு. மூன்றாவது, உலோக உருளையில் அழுத்தி அடைத்த வாயு. செலவு மிகுதியாயினும் நிதானமாகக் கட்டுப்படுத்தக்கூடியது இதுவே.

உருளை வைத்திருப்போர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். அறை வெப்பத்தில் உருளைக்குள் வாயு திரவமாக இருக்கிறது. அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 60 மடங்குக்கு மேல். 31 பாகை வெப்பத்தைத் தாண்டினால் அது திரவமாக நிற்காது. அழுத்தம் வெகு வேகமாக ஏறும். டில்லியின் மே மாத வெயிலை அறிந்தவர்களுக்கு மேலே சொல்லவேண்டியதில்லை. உருளையைச் சன்னல் வெயிலில் வைக்கலாகாது, படுக்க வைக்கலாகாது, அளவுக்கு மேல் நிரப்பச் சொல்லலாகாது. காலங்கடந்த உருளையை அழுத்தச் சோதனை செய்யாமல் பயன்படுத்துவதும் கூடாது. திரவம் தீர்ந்து உருளையின் அழுத்தம் குறையும் தறுவாயில், சில அழுத்தக் குறைப்பான்களில் வெளிவரும் வாயு முன்னைவிடக் கூடிவிடுவதுண்டு. எடை குறைந்ததும் உருளையை மாற்றிவிடுவது நல்லது.

கரைக்கும் முறைகளுள் மிகவும் எளியது கவிழ்த்த கிண்ணம். ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தை நீருக்குள் கவிழ்த்து வைத்து, அதில் வாயுவை நிரப்பிவிடுகிறோம். அடியில் உள்ள நீர் மெல்ல மெல்ல அதைப் பருகுகிறது. நேரம் நிரம்ப உண்டு. பரப்போ கிண்ணத்தின் வாயளவுதான். போகப் போக நீரிலுள்ள பிராணவாயுவும் நைட்ரஜனும் கிண்ணத்துக்குள் வந்து சேர்ந்துவிடும். ஆதலின், அவ்வப்போது கிண்ணத்தைச் சாய்த்து வெளியேற்றிப் புதிதாக நிரப்பவேண்டும். 20, 30 லிட்டர் கொள்ளும் சிறு தொட்டிக்கு இது ஏற்றது. மீனுக்கு அபாயமும் குறைவு.

அடுத்தது ஏணி. வளைந்து வளைந்து ஏறும் ஒரு சாய்ந்த பாதையில் குமிழி தவழ்ந்து செல்கிறது. 2 விநாடிப் பயணம் ஒரு நிமிடப் பயணமாகிறது. கீழே மிளகளவு இருந்த குமிழி மேலே வரும்போது கடுகளவாகக் குறைந்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஈஸ்ட்டுப் புட்டியின் மெல்லிய அழுத்தத்துக்கும் இது இணங்கும்.

இன்று பெரிதும் வழங்குவது பீங்கான் வில்லை. நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு வட்டின் வழியே வாயு பனிமூட்டம்போல் வெளிவருகிறது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞரான டகாஷி அமானோ, 1954 முதல் 2015 வரை வாழ்ந்தவர், நீர்ச்செடித் தோட்டக் கலையை உலகறியச் செய்தபோது, கண்ணாடியாலான இத்தகைய கருவிகளும் எங்கும் பரவின. வில்லைக்கு நல்ல அழுத்தம் தேவை. ஆகையால் உருளைக்கே மிகவும் பொருந்தும். அதைத் தொட்டியின் அடிமட்டத்தில், வடிகட்டியின் நீரோட்டம் கீழ்நோக்கித் தள்ளும் இடத்தில் வைக்கவேண்டும். சில வாரங்களில் பாசி துளைகளை அடைத்துக்கொள்ளும். நீர்த்த சலவைத் திரவத்தில் ஊறவைத்து, பலமுறை நல்ல நீரில் அலசி, குளோரின் நீக்கும் மருந்திட்ட நீரிலும் ஒருமுறை ஊறவிட்டால் சுத்தமாகும். சலவைத் திரவத்தோடு எந்த அமிலத்தையும் சேர்த்துவிடலாகாது. நச்சு வாயு உண்டாகும்.

நான்காவது, வாயுக் குழாயை நீரேற்றும் பம்பின் வாயில் வைப்பது. சுழலும் சக்கரம் குமிழியை வெட்டித் துகளாக்குகிறது. செலவில்லாத உபாயம், ஆனால் இரைச்சல் எழும், வாயு மிகுந்தால் பம்பு நீரைத் தள்ளாமல் திணறும். அதற்கென்றே செய்யப்படாத பம்பு விரைவில் தேயவும் கூடும்.

ஐந்தாவது, கரைகலம். தொட்டிக்கு வெளியே, வடிகட்டியின் குழாயோடு ஒரு நீண்ட கலத்தை இணைக்கிறார்கள். அதனுள் நீர் மேலிருந்து கீழே பாய்கிறது. வாயுவோ கீழிருந்து மேலே எழ முயல்கிறது. இவ்விரண்டின் இழுபறியில் குமிழி எங்கும் போகமுடியாமல் நடுவிலேயே நின்று கரைந்துவிடுகிறது. தொட்டிக்குள் ஒரு குமிழியும் தோன்றாது. 200 லிட்டருக்கு மேற்பட்ட தொட்டிகளுக்கு இதுவே சிக்கனமானது. நீரோட்டம் சற்றே குறையும் என்பதால், வடிகட்டி வலுவாக இருக்கவேண்டும்.

எந்த முறையைக் கொண்டாலும், கரைந்த வாயு எல்லா இலைகளையும் சென்றடைய நீர் தொட்டி முழுவதும் மெல்லச் சுற்றிவரவேண்டும். மூலையில் நிற்கும் செடியின் இலையும் இலேசாக அசைந்துகொண்டிருந்தால், உணவு அங்கேயும் போகிறது என்று கொள்ளலாம்.

இப்போது மீனைப் பற்றிச் சொல்லவேண்டும். செடிக்கு உணவாகும் இவ்வாயுவே மீனுக்கு மிகுந்தால் நஞ்சு. நீரில் கரியமில வாயு மிகுந்தால், மீன் தன் உடலில் உண்டான வாயுவைச் செவுள் வழியே வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது கூடக்கூட, பிராணவாயுவைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் குறைகிறது. 1904-இல் டென்மார்க்கின் கிறிஸ்தியன் போர் முதலியோர் கண்டறிந்த உண்மை இது. ஒரு வாயு வந்தால் மற்றொரு வாயு நீரை விட்டு ஓடிவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. இரண்டும் ஒரே நீரில் நிறைந்திருக்கக்கூடும். நீரில் பிராணவாயு நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறக்கூடும் என்பதே இதில் அஞ்சத்தக்கது. மேற்குத் தொடர்ச்சி மலையின் வேகமான ஆறுகளில் வாழும் ‘மிஸ் கேரளா’ போன்ற மீன்கள் பிராணவாயு மிகுந்த நீருக்குப் பழகியவை; அவற்றை வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். கௌராமி மீன் இயல்பாகவே மேலே வந்து காற்றைக் குடிக்கும். அதை மட்டும் கண்டு அஞ்சவேண்டியதில்லை.

அளந்தறிய இரண்டு எளிய வழிகள் உள்ளன. முதலாவது, சிறு கண்ணாடிக் குமிழுக்குள் நிறம் மாறும் திரவத்தை வைத்துத் தொட்டியில் தொங்கவிடுவது. கடினத் தன்மை இன்னதென்று அளவு செய்யப்பட்ட நீரில் புரோமோதைமால் நீலம் என்ற சாயத்தைச் சேர்த்திருப்பார்கள். நீலமாக இருந்தால் வாயு குறைவு, பச்சையாக இருந்தால் ஏறத்தாழ 30 மில்லிகிராம், மஞ்சளானால் மிகை. ஆனால் அது காட்டுவது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முந்தைய நிலை. இரண்டாவது, ஒரு குவளைத் தொட்டி நீரை ஒரு நாள் திறந்துவைத்து அதன் அமிலக் குறியீட்டை அளப்பது. பிறகு வாயு ஓடும்போது தொட்டி நீரை அளப்பது. ஒரு முழு எண் குறைந்திருந்தால் வாயு 10 மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். அதற்குமேல் போகத் துணியவேண்டாம். ‘விநாடிக்கு எத்தனை குமிழி’ என்று கேட்டு அண்டை வீட்டாரைப் பின்பற்றுவது பயனற்றது. அவர்கள் தொட்டி வேறு, குமிழியின் அளவும் வேறு.

வாயுவைக் கூட்டுவதாயின் ஒரே நாளில் கூட்டலாகாது. ஒரு வாரம் இரண்டு வாரம் என்று சிறிது சிறிதாக, வீட்டில் ஆள் இருந்து பார்க்கக்கூடிய விடுமுறை நாளில் கூட்டவேண்டும். விளக்கு எரிவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடலாம். இருளில் செடி வாயுவை உண்பதில்லை. அதுவும் மீனைப்போல் மூச்சு விடுகிறது. இரவெல்லாம் வாயு ஓடும் ஈஸ்ட்டுப் புட்டிக்காரர்கள், இரவில் ஒரு சிறு காற்றுப் பம்பை ஓடவிடுவது நலம். மின்சாரம் நின்றால் தானே மூடிக்கொள்ளும் அடைப்பானையே உருளைக்குப் பொருத்தவேண்டும். இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில், வடிகட்டி நின்றிருக்க அடைப்பான் மட்டும் திறந்திருக்கும்படி நேர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

கோடையில் நீர் சூடேறினால் பிராணவாயு கரைவது குறையும். மீனின் தேவையோ கூடும். 25 பாகையில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையும் பிராணவாயு, 30 பாகையில் ஏழரை அளவுக்கு இறங்கிவிடும். ஆதலின் வட இந்தியக் கோடையில் கரியமில வாயுவைக் குறைத்து, நீரின் மேற்பரப்பைச் சற்றே சலசலக்க விடுங்கள். சிறிது வாயு வீணாகும், ஆகட்டும். மீன் தவிப்பதைக் கண்டால் வாயுவை மூடி, காற்றுப் பம்பை ஓட்டி, குளோரின் நீக்கிய, ஒத்த வெப்பமுள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள்.

இவ்வளவும் கேட்டபின், இத்தனை தொல்லை எதற்கு என்று எண்ணுவோரும் இருக்கக்கூடும். அவர்களுக்கும் வழி உண்டு. 1850-இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன், இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து, மீனின் மூச்சு செடிக்கு உணவாவதைக் காட்டினார். வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கரிப்பொருளைப் பெறவல்லவை. வட நாட்டு நகரங்கள் பலவற்றின் நிலத்தடி நீர் கடினமானது. அதில் இது நிரம்ப உண்டு. மிதமான விளக்கும் இத்தகைய செடிகளும் போதுமென்று இருப்பவர் வாயுவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். சிவந்த இலைகளும் தரையில் படரும் புல்விரிப்பும் வேண்டுவோரே இம்முயற்சியில் இறங்கவேண்டும்.

இறங்குவோர், கருவியை வாங்கும்போதே அளந்தறியும் குமிழையும் வாங்கிவிடுங்கள். சிறு தொட்டிக்குக் கிண்ணமோ ஏணியோ, நடுத்தரத் தொட்டிக்கு வில்லை, பெருந்தொட்டிக்குக் கரைகலம் என்று கொள்ளலாம். விளக்கு ஏற்றிய இரண்டு மணி நேரம் கழித்து மீனைப் பாருங்கள். அது நடுநீரில் அமைதியாக நீந்தி, போட்ட தீனியை விரைந்து வந்து உண்ணுமாயின், நீங்கள் கரைத்த அளவு சரி. அது மேலே வந்து தவித்தால், செடி எவ்வளவு செழித்திருந்தாலும் அளவு தவறு.